வார் உங்கள் கையில்தான் இருக்கும்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. மூன்று வயதில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் பேசுவான். கையை உதறிக்கொண்டு ஓடிவிடுவதுதான் எங்களுக்குப் பெரிய பயம். போன கோடையில் கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடத்தில் ஒரு கார் அவனுக்கு முன்னால் சாண் தூரத்தில் நின்றது. கார்த்திகையில் ஒரு நாள் விடிய ஐந்து மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு போய் பஸ் தரிப்பிடத்தில் வெறுங்காலோடு நின்றான். கணவருக்கு இரவு வேலை. அண்மையில் ஒரு பிள்ளையோடு மேலங்கி அணிந்த நாய் ஒன்று அமைதியாக நடந்து போவதைப் பார்த்தேன். எங்களுக்கும் அப்படி ஒன்று கிடைக்குமா? இணையத்தில் ஒருவர் சான்றிதழோடு லாப்ரடோர் குட்டி தருவதாகச் சொல்கிறார். மாமியோ சாமி அறை இருக்கும் வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்கிறார். என்ன செய்வது? – ஒரு தாய், ஸ்காபரோ, ஒன்ராறியோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்தவள் ‘வெறுங்காலோடு நின்றான்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஆகவே நாய்க்கு முன்னால் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே விண்ணப்பித்தாலும் பயிற்சி பெற்ற நாய் ஒன்று உங்கள் வாசலுக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். உங்கள் மகன் இன்னொரு முறை ஐந்து மணிக்கு எழும்ப அவ்வளவு காலம் எடுக்காது.

கதவு திறந்தவுடன் ஒலிக்கும் சிறிய அலாரம் வன்பொருள் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. முன்கதவு, பின்கதவு, நிலவறைக் கதவு என்று ஒன்றையும் விடாமல் பொருத்துங்கள். அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளும் போடலாம். ஆனால் திறப்பைத் தேடி எடுத்துத் திறக்கவேண்டிய பூட்டு வேண்டாம். வீட்டில் நெருப்புப் பிடித்தால் மாமி ஒரு கையால் திறந்து வெளியேற முடியவேண்டும். ரொறன்ரோ காவல்துறையிடம் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. மகனின் படம், உயரம், பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்புவானா, எதைக் கண்டால் மிரளுவான், எங்கே போகக்கூடும் என்பதையெல்லாம் முன்கூட்டியே அதில் பதிந்து வையுங்கள்.

எங்கே போகக்கூடும் என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவன் பஸ் தரிப்பிடத்துக்குப் போயிருக்கிறான். ஓடிப்போகும் பிள்ளைகளில் பலர் ஏதோ ஒன்றைத் தேடித்தான் போகிறார்கள். பஸ் என்றால் அவனுக்கு உயிர் என்றால், பாடசாலை முடிந்து வந்ததும் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இரண்டு பஸ் பார்த்துவிட்டு வாருங்கள். பஸ்ஸின் படம் போட்ட அட்டை ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, போகும் நேரம் வந்ததும் அதை அவன் கையில் கொடுங்கள். சொல் குறைந்த பிள்ளைக்கு அந்த அட்டைதான் வாய். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், இருட்டில் தனியாகப் போகவேண்டிய தேவை குறையும்.

இன்னொன்று, நீச்சல். ஹைலன்ட் கிறீக்கும் ஒன்ராறியோ ஏரியும் உங்கள் பகுதியிலேயே இருக்கின்றன. அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள 1,218 பிள்ளைகளின் குடும்பங்களிடம் கேட்டு 2012இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நான்கு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது ஓடிப்போக முயன்றவர்கள் 49 சதவீதம். கவலைப்படும் அளவு நேரம் காணாமல் போனவர்களில் 65 சதவீதத்தினர் வாகனத்தில் அடிபடும் ஆபத்திலும் 24 சதவீதத்தினர் நீரில் மூழ்கும் ஆபத்திலும் இருந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள் நீங்கள் பட்ட பாட்டைப் பட்டிருக்கின்றன. பிள்ளையைப் பார்க்கத் தெரியாத தாய் என்று யாராவது உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், அதை இந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள். ரொறன்ரோ மாநகரம் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் பொழுதுபோக்கு வகுப்புகளை நடத்துகிறது. நீச்சலுக்குப் பதியும்போது ஓட்டிசம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி நாய்.

நீங்கள் பார்த்தது, ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு உதவப் பழக்கிய சேவை நாய். அப்படிப்பட்ட நாய்களின் கதை உங்கள் மாகாணத்தில்தான் தொடங்குகிறது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்கள் முதலாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே உண்டு. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கென்று நாயைப் பயிற்றும் வேலையை முதன்முதலில் தொடங்கியது ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜ் நகரில் 1996இல் உருவான நேஷனல் சேர்விஸ் டோக்ஸ் என்ற தொண்டு நிறுவனம். அதன் முதல் நோக்கமே உங்கள் பயம்தான்: பிள்ளை வீதிக்கு ஓடாமல் தடுப்பது.

அது எப்படி நடக்கிறது என்பதை நான் பார்த்த ஒரு நிமிடத்தைக் கொண்டு சொல்கிறேன். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் நான். நான் சிகிச்சை கொடுத்த எட்டு வயதுப் பையன் ஒருவனோடும் அவன் தாயோடும் ஒரு மாசி மாதத்தில் கடைக்குப் போயிருந்தேன். பையனின் இடுப்பில் அகலமான பட்டி. அதிலிருந்து ஒரு குட்டை வார் நாயின் மார்புப்பட்டியில் கொளுவியிருந்தது. நாயிலிருந்து போகும் இன்னொரு வார் தாயின் இடக்கையில். கடையை விட்டு வெளியே வந்ததும், பனி தள்ளும் வாகனம் ஒன்று பின்னோக்கி வந்துகொண்டே கீச்கீச்சென்று ஒலித்தது. பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீதிப் பக்கம் பாய்ந்தான். தாய் ஒரே ஒரு சொல் சொன்னார். நாய் நின்ற இடத்திலேயே குந்தியது. முப்பது கிலோ எடையுள்ள உடல் அப்படிக் குந்தினால் எட்டு வயதுப் பிள்ளையால் அதை அசைக்க முடியாது. வார் இறுகியது. இரண்டு முறை இழுத்தான். மூன்றாவது முறை இழுக்கவில்லை; திரும்பி வந்து நாயின் காதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றான். தாய் கைப்பையிலிருந்து காதுமூடியை எடுத்து அவனுக்கு மாட்டினார். பிறகு மூவரும் நடந்தார்கள்.

அந்த ஒரு நிமிடத்தில் யார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வாகனத்தின் ஒலியைக் கேட்டது தாய். மகன் பாயப்போகிறான் என்று அறிந்ததும் அவர்தான். அவர் சொன்னதால் நாய் குந்தியது. நாயை ஆளுபவர் பிள்ளை என்றும், பிள்ளையைப் பார்ப்பது நாய் என்றும் வெளியிலிருந்து பார்க்கும்போது தோன்றும். இரண்டும் பிழை. ஆளுபவர் தாயோ தந்தையோதான். நாயை நம்பிப் பிள்ளையைத் தனியே அனுப்பும் நாள் ஒன்று வராது. பெரியவர் ஒருவர் கையில் வார் இல்லாமல், பிள்ளையையும் நாயையும் மட்டும் சேர்த்துக் கட்டிவிடுவது இருவருக்குமே ஆபத்து.

விடிய ஐந்து மணிக்கும் இதே விடைதான். இரவில் நாய் அவனுடைய அறையில் படுக்கலாம். அவன் எழும்பினால் அதுவும் எழும்பிப் பின்னால் போகும். கழுத்தில் தொங்கும் தகடு கிலுங்குகிற சத்தத்தில் விழித்துக்கொண்ட தாய்மாரை எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தத்தைக் காவலாக எண்ணி நீங்கள் தூங்கக்கூடாது. அந்த வேலை கதவு அலாரத்தினுடையது.

வீதியைத் தவிர வேறு உதவிகளும் உண்டு. பிள்ளை நிலைகுலைந்து அழும்போது மடியிலும் காலிலும் பாரமாகப் படுத்து அழுத்தம் கொடுக்கப் பழக்குகிறார்கள். தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் பிள்ளையின் கைக்கு நடுவில் மூக்கை நுழைத்து அதை நிறுத்தவும் பழக்குகிறார்கள். கியூபெக்கில் மீரா அறக்கட்டளையின் நாய்களைப் பெற்ற 42 பிள்ளைகளின் உமிழ்நீரைச் சோதித்து 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. மனவழுத்தத்தோடு தொடர்புடைய கோர்ட்டிசோல் என்ற சுரப்பு, காலையில் கண் விழித்ததும் பெரும்பாலானவர்களுக்கு ஏறும். நாய் வருவதற்கு முன் அந்தப் பிள்ளைகளில் அது 58 சதவீதம் ஏறியது. நாய் வீட்டில் இருந்த வாரங்களில் 10 சதவீதம். நாயைத் திரும்ப எடுத்தபோது மறுபடியும் 48 சதவீதம். நாள் முழுவதற்குமான சராசரி அளவில் மாற்றம் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே நாய் வந்தால் பேச்சு வந்துவிடும், ஓட்டிசம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேச்சுச் சிகிச்சையை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

குவெல்ஃப் பல்கலைக்கழகத்தினர் இப்படிப்பட்ட நாய் வைத்திருக்கும் பத்துக் குடும்பங்களோடு இருந்து பார்த்து 2008இல் எழுதினார்கள். பாதுகாப்புக்கு அடுத்ததாகக் குடும்பங்கள் சொன்னது வெளியே போகும் சுதந்திரத்தை. முன்பெல்லாம் பிள்ளை கடையில் விழுந்து கத்தினால் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நாய் வந்த பிறகு அதே ஆட்கள் வந்து நாயின் பெயரைக் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போவதையே விட்டுவிட்ட நம் குடும்பங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். இந்த ஒன்றுக்காகவே நாய் வேண்டும் என்று ஒரு தாய் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

அதே ஆய்வாளர்கள் நாயின் பக்கத்தையும் பார்த்தார்கள். ஓய்வு போதவில்லை, நாளுக்கு ஓர் ஒழுங்கு இல்லை, விளையாட நேரமில்லை, பிள்ளை தெரியாமல் நோகச் செய்துவிடுகிறது – இவைதான் அவர்கள் கண்ட குறைகள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நாயைத் திருப்பிக் கொடுத்தது. நல்ல குடும்பம், அன்பான மனிதர்கள். நான் போன அன்று அந்த நாய் சாப்பாட்டு மேசைக்குக் கீழே சுவரோடு ஒட்டிப் படுத்து, முன்காலை ரோமம் உதிரும்வரை நக்கிக்கொண்டிருந்தது. பிள்ளை ஓடிவரும் சத்தம் கேட்டதும் கொட்டாவி விட்டது. அது தூக்கக் கொட்டாவி இல்லை. பதற்றத்தில் நாய்கள் அப்படிச் செய்யும். பகல் முழுவதும் மகனின் முகத்தையே பார்த்துப் பழகிய தாய்க்கு நாயின் முகத்தைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. ஒருவரையும் குறை சொல்ல முடியாத தோல்வி அது. ஆனாலும் அந்த நாயின் கண் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் உங்களிடம் நேராகவே கேட்கிறேன். தை மாதத்தில் பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை குளிரில், விடியவும் இரவும், நாயை வெளியே கொண்டுபோவது யார்? நடைபாதையில் தூவும் உப்பு பாதத்தை எரிக்கும்; வெளியே போகும்போது சப்பாத்து மாட்டவேண்டும், வந்ததும் கழுவித் துடைக்கவேண்டும். கணவர் இரவு வேலை முடிந்து தூங்கும் நேரத்தில் மகனை யாரிடம் விட்டு நாயோடு போவீர்கள்? நாயைக் கொடுக்கும் நிறுவனம் பெற்றோரில் ஒருவரைச் சில நாட்களாவது பயிற்சிக்குக் கூப்பிடும். உங்கள் இருவரில் யார் போவது? இந்தக் கேள்விகளை இருவருமாக உட்கார்ந்து எழுதி விடை காணுங்கள். ‘எப்படியோ சமாளிப்போம்’ என்பதுதான் விடை என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். நாய் வந்தால் உங்களுக்கு வேலை குறையாது. அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை வளரும்.

மாமியின் எதிர்ப்பை எப்படியாவது தாண்டிவிடவேண்டிய தடையாக நினைக்காதீர்கள். நாய் கொடுக்கும் நிறுவனமும் வீட்டில் உள்ள எல்லோரும் உடன்படுகிறார்களா என்றுதான் கேட்கும். ஊரில் நம் வீடுகளில் நாய் முற்றத்தில் இருந்தது, படலையில் காவல் காத்தது, மிஞ்சிய சோற்றைத் தின்றது, படி ஏறவில்லை. விசர்நாய் கடித்து ஒழுங்கையில் ஒருவர் இறந்த கதை மாமியின் வயதில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயம் காரணமில்லாதது இல்லை. அவரோடு பேசும்போது சுத்தத்தையும் பயத்தையும் தனித்தனியாகப் பேசுங்கள். சாமி அறைக்குக் கதவோ சிறு தடுப்போ போட்டு, அது நாய் நுழையாத இடம் என்று முதல் நாளே விதியாக்கிவிடலாம். பயிற்சி பெற்ற நாய்க்கு ஒரு வாசலைத் தாண்டக்கூடாது என்று கற்பிப்பது மிக எளிது. இதேபோல மறுத்த ஓர் அப்பம்மா எனக்கு நினைவுக்கு வருகிறார். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒன்றாக வைரவர் கோயில் இருக்கிறது. வைரவருக்கு வடைமாலை சாத்தி வளர்ந்தவர் அவர். ஒரு மாதம் கழித்து, வைரவரின் வாகனம்தானே, என் பேரனுக்குக் காவலாக வந்திருக்கிறது என்று அவராகவே சொன்னார். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் மாமிக்கும் அப்படித் தோன்றும் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. தோன்றாவிட்டால் அந்த வீட்டில் நாய் வேண்டாம்.

அவர் சம்மதித்த பிறகு வரும் சிக்கல் வேறு: அன்பு மிகுந்து ஊட்டத் தொடங்குவார். நம் கறிகளில் இருக்கும் வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. திராட்சை, உலர்ந்த திராட்சை, சொக்கலேட் எல்லாமே அப்படித்தான். சமைத்த கோழி எலும்பு சிதறி குடலைக் கிழிக்கும். நாயின் உணவை, அதை ஆளுபவர் மட்டுமே கொடுக்கவேண்டும்.

இணையத்தில் வந்த லாப்ரடோர் குட்டியை வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. நல்ல நிறுவனங்கள் குட்டியைத் தொண்டர் குடும்பம் ஒன்றில் ஒரு வருடத்துக்கு மேல் வளர்த்து, பிறகு பல மாதங்கள் பயிற்றி, இரண்டு வயதை ஒட்டித்தான் வீட்டுக்குக் கொடுக்கின்றன. அவ்வளவு செய்தும் பல நாய்கள் தேறாமல் வீட்டு நாயாகப் போய்விடுகின்றன. எட்டு வாரக் குட்டியைப் பார்த்து இது சேவை நாய் என்று யாராலும் சொல்ல முடியாது. குட்டி கடிக்கும், குதிக்கும், கத்தும். ஒலிக்கு மிரளும் உங்கள் மகனுக்கு வீடே எதிரியாகிவிடும். அந்தச் சான்றிதழுக்கும் மதிப்பில்லை. ஒன்ராறியோவில் கடையோ உணவகமோ கேட்கக்கூடியது, ஊனத்தின் காரணமாக இந்த விலங்கு தேவை என்று வைத்தியரோ, தாதியோ, உளவியலாளரோ, என்னைப் போன்ற தொழில்வழிச் சிகிச்சையாளரோ எழுதிய கடிதத்தைத்தான். வருமான வரியில் நாய்க்கான செலவைக் கழிக்கவும் அரசு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: இப்படிப்பட்ட பயிற்சியை முக்கிய வேலையாகக் கொண்ட ஒருவரிடமிருந்தோ நிறுவனத்திடமிருந்தோ நாய் வந்திருக்கவேண்டும். அது நிறைவேறினால் உணவு, கால்நடை வைத்தியச் செலவும் சேரும்.

பாடசாலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறீர்கள். 2020 தொடக்கத்திலிருந்து ஒன்ராறியோவின் ஒவ்வொரு பள்ளி வாரியத்துக்கும் சேவை விலங்குகள் பற்றிய எழுத்து விதி இருக்கவேண்டும் என்று கல்வி அமைச்சு பணித்திருக்கிறது. விதி இருக்கவேண்டும் என்பது, நாயை உள்ளே விடவேண்டும் என்பதாகாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக முடிவு செய்வார்கள். ஓட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு நாயை வகுப்பில் அனுமதிக்காத பள்ளி வாரியத்தின் பக்கம்தான் 2017இல் மாகாண மனித உரிமைகள் தீர்ப்பாயம் நின்றது. வகுப்பில் அந்த வாரை யார் பிடிப்பது என்பதுதான் அங்கும் முதல் கேள்வி. உங்கள் மகனுக்கு இப்போதைக்கு வீட்டிலும் வீதியிலும் போதும் என்பது என் எண்ணம்.

கேம்பிரிட்ஜ் நிறுவனத்தையும், ஓக்வில் நகரிலுள்ள லயன்ஸ் அறக்கட்டளையின் வழிகாட்டி நாய்ப் பயிற்சி நிலையத்தையும் விசாரியுங்கள். ஓக்வில்லில் குடும்பத்திடம் நாய்க்குப் பணம் வாங்குவதில்லை; நன்கொடையில் நடக்கிறது. இரண்டிலும் வயது எல்லை பார்ப்பார்கள். விண்ணப்பம் மூடியிருக்கும் காலமும் உண்டு. மூடியிருந்தால் எப்போது திறக்கும் என்று எழுதிக் கேளுங்கள். ஆறு வயதில் கேட்பது சரியான நேரம், பத்து வயதுவரை தள்ளாதீர்கள். பிள்ளை வளர வளர நாயின் எடை அவனைத் தடுக்கப் போதாது.

அதற்கு முன்னால் மகனுக்கு நாயைப் பிடிக்குமா என்பது தெரியவேண்டும். அதை உங்கள் கடிதத்தில் எங்கும் காணவில்லை. சென்ற் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பின் தொண்டர்கள் சாந்தமான சிகிச்சை நாய்களை நூலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் கூட்டிவருவார்கள். அப்படி ஒரு நாயை மூன்று தடவையாவது பார்க்கட்டும். முதல் தடவை அறையின் மறுமூலையில் இருந்தால் போதும். தொடச் சொல்லாதீர்கள். அவன் கண் எங்கே போகிறது, கையை உதறுகிறானா, காதைப் பொத்துகிறானா, தானாக ஓர் அடி கிட்டப் போகிறானா என்பதைத் திகதியோடு குறித்து வையுங்கள். ஒரு தடவையாவது மாமியையும் கூட்டிப்போங்கள். விண்ணப்பத்தில் சிகிச்சையாளர் நிரப்பவேண்டிய பக்கம் ஒன்று வரும். அந்தக் குறிப்பையும், கோடையிலும் கார்த்திகையிலும் நடந்த இரண்டு சம்பவங்களையும் நேரம், இடத்தோடு எழுதி மகனின் சிகிச்சையாளரிடம் கொடுங்கள். அவர் எழுதப்போகும் கடிதத்துக்கு அவைதான் தேவை.